குளம்புத் தடத்தில் ஒரு குளம்

காட்டோரத்தில் ஒரு குளம். காலையில் மேகங்கள் அதில் இறங்கி மெல்ல நீந்தும். அவ்வளவு தெளிவான தண்ணீர்!

ஒரு காலத்தில் மேட்டிலிருந்த சாயப்பட்டறையின் கழிவு ஓடை வழியாக அங்கே வந்துகொண்டிருந்தது. பட்டறையை மூடி இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. ஆனாலும் மின்னி என்ற தவளையின் முட்டைகள் பொரியவே இல்லை. கண்ணாடி மணிகள்போல் மிதக்கும். பிறகு வெளுத்து அமிழ்ந்துவிடும். இந்த மழைக்கும் அவள் வயிறு நிறைய முட்டை.

மின்னி குளத்துத் தலைவியான நாரையிடம் போனாள்.

"அம்மா, குளத்துல விஷம் இருக்கு!"

நாரை குனிந்து பார்த்தாள். "என் முகம் தெரியுது. அலகு தெரியுது. கண்ணோரத்து மஞ்சள்கூடத் தெரியுது! குளம் சுத்தம். அடுத்த வழக்கு!"

அங்கே தண்ணீரைச் சோதிப்பது என்றால் அவ்வளவுதான். தலைவியின் முகம் தெரிந்தால் போதும்.

"முகம் மேல தெரியுதும்மா. விஷம் அடிச்சேத்துல படுத்திருக்கு. நான் அங்கதான் தூங்குறேன். வயிறெல்லாம் எரியுது!"

"அப்படியா? கொம்பா! இறங்கிச் சேத்தைக் கலக்கு. ஓடையோட போகட்டும்!"

எருமைக் கொம்பன் ஆசையாக ஒரு காலை வைத்தான். கரும்புகைபோல் சேறு கிளம்பியது. பத்துக் கெண்டைகள் மல்லாந்து மிதந்தன.

"நில்லுண்ணே!" என்று கத்தினாள் மின்னி. "தூங்குற விஷத்தை எழுப்பி, கீழ்க்குளத்துக்காரங்க தலையில கட்டவா? இது என்ன நியாயம்?"

"ரொம்பப் பேசுற. விழுங்கிடுவேன்!" என்றாள் நாரை.

"தாராளமா விழுங்குங்க! சேத்து விஷம் புழுவுக்குப் போச்சு. புழுவைத் தின்ன எனக்கு வந்துச்சு. நாளைக்கு உங்களுக்கு! போன வருஷம் நீங்க அடைகாக்க உட்கார்ந்ததும் முட்டையெல்லாம் நொறுங்குச்சே, ஏன்னு யோசிச்சீங்களா?"

நாரையின் அலகு திறந்தபடியே நின்றது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

"முட்டை ஓட்டுத் துண்டுங்க நான் இருந்த தண்ணியில விழுந்துச்சும்மா. ஆம்பல் இதழ் மாதிரி மெலிசா இருந்துச்சு."

நாரை கேட்டாள். "என்ன செய்யணும்?"

"கோரை வேர் விஷத்தை உறிஞ்சும்னு நினைக்கிறேன். சோதிச்சுப் பார்த்துத்தான் சொல்வேன்."

கொம்பன் கரையில் இரண்டு குளம்புத் தடங்களை அழுத்தமாகப் பதித்தான். இரண்டிலும் அதே சேறு, அதே தண்ணீர். ஒன்றில் மட்டும் கோரை நட்டாள் மின்னி. நிலா தேய்ந்து வளர்ந்தது. பிறகு ஒவ்வொன்றிலும் பத்து முட்டைகள் இட்டாள்.

வெறும் தடத்தில் பத்தும் வெளுத்தன. கோரைத் தடத்தில் பத்து வால்கள் துடித்தன! அந்தச் சின்னத் தண்ணீரிலும் ஒரு மேகம் மிதந்துகொண்டிருந்தது.

எல்லாரும் ஆரவாரம் செய்தார்கள். மின்னி மட்டும் சிரிக்கவில்லை.

"வெளுத்துப்போன அந்தப் பத்தும் என் பிள்ளைங்கதான். நான் சொன்னப்பவே அடியைப் பார்த்திருந்தா, இந்தச் சோதனைக்கே வேலை இருந்திருக்காது!"

அவள் மீதி முட்டைகளைக் கோரைத் தடத்திலேயே இட்டாள்.

மறுநாளே நாரை அலகு அலகாகக் கோரையைக் கொண்டுவந்து குளமெங்கும் நட்டாள். அது தளதளவென்று வளர்ந்ததும் கொம்பன் நாக்கை நீட்டினான்.

"தின்னாதே அண்ணே! குளத்து விஷம் இப்ப அதுக்குள்ளதான் இருக்கு!"

பிடுங்கிய கோரையைத் தண்ணீர் எட்டாத பாறைக் குழியில் போட்டு மூடினார்கள். மறுபடி நட்டார்கள். மறுபடி பிடுங்கினார்கள்.

இரண்டு மழை கழிந்தது. மின்னியின் முட்டைகள் நடுக்குளத்திலேயே பொரிந்தன. தலைப்பிரட்டைகள் மேகங்களுக்குள் நுழைந்து வெளியே வந்தன. மேலே கூட்டில் இரண்டு நாரைக் குஞ்சுகள் கத்தின.

இப்போதெல்லாம் நாரை முகம் பார்ப்பதில்லை. விடிந்ததும் கழுத்துவரை மூழ்கி, அடிச்சேற்றை ஒரு அலகு அள்ளிப் பார்த்த பிறகுதான் வாய் திறக்கிறாள்.

மேலே தெளிந்துவிட்டதென்று திருப்திப்படுகிறவரால் எந்தக் கேட்டையும் போக்க முடியாது. அது அடியில் எங்கே தங்கியிருக்கிறது என்று இறங்கிப் பார்க்கிறவரால்தான் முடியும்.