கித்தேரியும் கோயில் சம்மனசும்

கண்ணத் தொறந்துக்கிட்டே கேளு, நடுநடுவுல "ம்" சொல்லணும்.

கடலோரமா ஒரு ஊர்ல ஒரு அக்காவும் ஒரு தங்கச்சியும் இருந்தாளுக. அக்கா பேரு அமலி, தங்கச்சி பேரு கித்தேரி. அந்த ஊர்ல ஒரு பெரிய மாதா கோயில். பசிலிக்கான்னு சொல்லுவாங்க. ரொம்பப் பழசு. உள்ள போனா செவரு, கூரை எல்லாம் படமா இருக்கும். கழுத்து வலிக்க வலிக்க அண்ணாந்து பாக்கலாம்.

அதுல ஒரு சம்மனசு. தேவதூதன், றெக்கை வச்சிருக்கும்ல, அது. மழைத்தண்ணி எறங்கி அது மொகம் உதுந்து போச்சு. அப்போ அதைத் திரும்ப வரைய ஒரு ஓவியர் வந்தாரு. பூசைக்கு வந்த அமலியப் பாத்தாரு. "இந்த மொகந்தான்!"னு அவளை ஒக்கார வச்சு வரைஞ்சுட்டாரு.

"ம்" எங்க? ஆங்.

அப்புறம் ஊரே அமலி பின்னால. மீன்காரம்மா ஒரு மீன் கூடுதலாப் போடுதா. கெழவிங்க அவ கன்னத்தத் தொட்டு முத்திக்கிறாங்க. கித்தேரிக்கு வயிறு திகுதிகுன்னு எரியுது. 'எங்களுக்கு ஒரே மூக்குதானே! நானும் அன்னிக்குப் போயிருந்தா?' அன்னிக்குப் பாத்துக் காய்ச்சல்னு பொய் சொல்லிப் படுத்துக்கிட்டா அவ.

அந்தப் படத்தப் பாக்கவே மாட்டேன்னு இருந்தா. முடியல. ஒருநாள் தனியாப் போயி அண்ணாந்து பாத்தா. ரொம்ப அழகா இருந்துச்சு. அதான் தாங்க முடியல.

அப்புறம் என்ன செஞ்சா? மொதல்ல, கத்தையா மெழுகுவர்த்தி வாங்கி நேர் கீழ கொளுத்தி வச்சா. பொகை போயி மொகம் கருக்கட்டும்னு. வாசல் வழியா கடக்காத்து வந்துச்சு. புஸ்ஸ்ஸ்! எல்லாம் அணைஞ்சு போச்சு.

ரெண்டாவது, உபதேசியார்கிட்டப் போனா. கோயில்ல செபம் சொல்லித் தர்றவரு. "ஐயா, எங்க அக்கா வீட்ல பேயாட்டம் கத்துவா. கருவாட்டத் திருடித் திம்பா. அவளையா சம்மனசா வரையுறது?"

அவரு ஹெஹ்ஹெஹ்ஹேன்னு சிரிச்சாரு. "அந்தா படத்துல சாவியோட நிக்காரே புனித ராயப்பர், அது யாரு மூஞ்சி தெரியுமா? அந்தக் காலத்து வண்டிக்காரன். பொழுது சாஞ்சா குடிச்சுட்டு ரோட்டுல கெடப்பானாம். போம்மா, போ."

மூணாவது என்ன செஞ்சா தெரியுமா? அடுப்புக்கரிய முந்தானையில முடிஞ்சுக்கிட்டா. மத்தியானம் ஓவியர் சாப்பிடப் போன நேரம், மிச்சப் படத்துக்காகப் பிரிக்காம வச்சிருந்த சாரத்துல ஏறுனா. கிரீச்... கிரீச்... மூங்கில் ஆடுது. ஏறிட்டா. கரிய எடுத்துக் கைய ஓங்கிட்டா.

அப்போ பாத்தா, சம்மனசோட புருவத்துல ஒரு கோடு. சின்னத் தழும்பு. கீழருந்து பாத்தா சட்டுன்னு தெரியாது. கித்தேரிக்குத் தெரியும் அது என்னன்னு. சின்னப்புள்ளையில இவ தேங்காச் செரட்டைய வீசி எறிஞ்சா, பொத்துன்னு அக்கா புருவத்துல பட்டுச்சு. ரத்தம். அமலி அம்மாகிட்ட, "நானா விழுந்துட்டேன்"னு சொல்லிட்டா.

ஓங்குன கை அப்படியே நின்னுபோச்சு.

"ஏட்டி! அங்க என்ன பண்ணுத? வழுக்கிரும், எறங்கு!" கீழ அமலி. சாப்பிட வரலியேன்னு தேடி வந்திருக்கா.

எறங்குனா. கையெல்லாம் கரி. அமலி அந்தக் கையப் பாத்தா.

"அழிக்கவா ஏறுன?"

"ம்."

"அழிச்சிட்டியா?"

"இல்ல... அந்தத் தழும்ப ஏன் வரையவிட்ட?"

"சம்மனசுக்கு எதுக்குத் தழும்பு, விட்டுரவான்னுதான் கேட்டாரு. இருக்கட்டும், அது என் தங்கச்சி போட்டதுன்னேன்."

கித்தேரி ஓஓன்னு அழுதா. கரிக்கையாலயே மூஞ்சியத் தொடச்சா, மூஞ்சியும் கரி. அழுது முடிச்சு, மூக்க உறிஞ்சிக்கிட்டே கேட்டா, "அப்போ அந்தச் சம்மனசுல கொஞ்சம் நான் செஞ்சதுதானே?"

பொறாமை போச்சான்னு கேக்குறியா? எங்க போகும்! அப்புறம் கோயில் பாக்க யாரு வந்தாலும் கித்தேரிதான் முன்னால ஓடுவா. "அந்தப் புருவத்த நல்லாப் பாருங்க. அது என் வேலை!" வந்தவங்க எல்லாம் இவளையே சுத்தி நின்னு கதை கேப்பாங்க. மொகத்துக்குச் சொந்தக்காரி அமலி, பின்னால தனியா நின்னு, உர்ர்ருன்னு பாத்துக்கிட்டு இருப்பா.

அவ்வளவுதான், கதை கரை ஏறிருச்சு. "ம்" சத்தத்தையே காணோம்... சரி, தூங்கு.