மடத்தில் வெங்காயம்

பனிமலை மக்களைப் பற்றிய ஏழாவது நூலையும் முடித்த அன்று, அடுத்து எதைப் படிக்கலாம் என்று கேட்கக் குருவிடம் போனேன். அவர் என்னைவிட நான்கு வயது இளையவர். மடத்து நூலகத்தைப் பார்த்துக்கொள்ளும் என்னைப் புலவரே என்றுதான் கூப்பிடுவார். அது கேலியா மரியாதையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

என் கேள்வியை விட்டுவிட்டு அவர் வேறொன்று கேட்டார்.

"புலவரே, லாமுவைப் பார்த்தீர்களா?"

லாமு மடத்துச் சமையற்காரி. சிக்கிமிலிருந்து வந்து ஐந்து வருடம் ஆகிறது. முந்தின நாள் அவளுடைய தாய் இறந்துவிட்டதாக போன் வந்திருந்தது. ஊர் போய்ச் சேர நான்கு நாள் ஆகும் என்பதால் அவள் கிளம்பவில்லை.

"நேற்றே பார்த்தேன் சாமி. அடுப்படியில் உட்கார்ந்து கதறிக்கொண்டிருந்தாள். நான்தான் எடுத்துச் சொன்னேன்."

"என்ன சொன்னீர்கள்?"

"அவர்கள் வழக்கப்படி அழக் கூடாது. அழுகைச் சத்தம் கேட்டால் போகிற உயிர் திரும்பிப் பார்க்கும், வழி தப்பிவிடும். மூன்று நூல்களில் இருக்கிறது."

"அவளுக்குத் தெரியாதா?"

"தெரியும். துக்கத்தில் மறந்திருந்தாள்."

"நினைவுபடுத்திவிட்டீர்கள்."

"ஆமாம் சாமி. உடனே வாயை மூடிக்கொண்டாள்."

இதைச் சொல்லும்போது என் குரலில் பெருமை இருந்தது. இப்போது அதை எழுதவே கை கூசுகிறது.

குரு எழுந்து கடைத்தெருவுக்குப் போனார். ஒரு பை நிறையச் சின்ன வெங்காயத்தோடு திரும்பி வந்தார். எங்கள் மடத்து வாசலை வெங்காயம் தாண்டியதே இல்லை. தொடக்கத்திலிருந்தே இருந்துவரும் கட்டுப்பாடு அது. நான் பின்னாலேயே ஓடினேன்.

"சாமி, மடத்து வழக்கம்..."

"அவள் வழக்கத்தை நீங்கள் காப்பாற்றிவிட்டீர்கள். நம்முடையது இன்று ஒருநாள் கிடக்கட்டும்."

அடுப்படியில் லாமு அரிசி களைந்துகொண்டிருந்தாள். உதட்டை உள்ளே மடித்துக் கடித்திருந்தாள்.

குரு பையை அவள் முன்னால் கவிழ்த்தார். எதிரே உட்கார்ந்து உரிக்கத் தொடங்கினார். அவளும் ஒரு கத்தியை எடுத்தாள். பத்து வெங்காயம் ஆவதற்குள் இருவர் கன்னங்களும் நனைந்துவிட்டன. இருவருமே துடைக்கவில்லை. பிறகு அவள் தோள் குலுங்கியது. சத்தம் வரவில்லை.

நான் நிலைப்படியில் நின்றேன். உள்ளே போகவும் முடியவில்லை, திரும்பிப் போகவும் முடியவில்லை.

லாமு சட்டென்று பயந்து என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஐயா, வெங்காயத்துக்கு வர்ற கண்ணீரும் அம்மாவ வழி தப்ப வெச்சிடுமா? புத்தகத்துல போட்டிருக்கா?"

நான் வாயைத் திறப்பதற்குள் குரு இன்னொரு வெங்காயத்தை அவள் கையில் வைத்தார்.

"அவருக்குத் தெரியாது லாமு. நீ உரி."