மூன்று முறை சொன்ன சொல்

எல்லை ஆற்றின் இக்கரையில், தேக்கங்காட்டுக்குள், பர்மிய மாணவர்களின் பாசறை இருந்தது. ராணுவத்துக்குத் தப்பி அவர்கள் மலை தாண்டி வந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. வந்த புதிதில் இருநூறு பேருக்கும் ஒரே அடுப்பு, ஒரே மயில் கொடி. இப்போது அடுப்பு இரண்டாகிவிட்டது. கொடியும் இரண்டு. இரண்டிலும் அதே மயில்தான்.

எல்லாம் தலைவர் தேர்தலில் வந்த வினை. தூரா நான்கு வாக்கு வித்தியாசத்தில் வென்றான். காய்ச்சலில் கிடந்த பதினோரு பேர் வாக்களிக்கவில்லை, ஆகவே தேர்தல் செல்லாது என்றான் ஸெயா. இருவரும் மௌல்மீன் கல்லூரியில் ஒரே அறையில் படுத்து எழுந்தவர்கள். இருவருக்கும் வேதியியல் கற்பித்தவர் டோ திரி. மாணவர்களோடு மலையேறி வந்து பாசறையின் மருத்துவக் குடிசையை நடத்தியவரும் அவரே. அவரை எல்லோரும் சயாமா என்றே அழைத்தார்கள். ஆசிரியை என்பதற்கு அவர்கள் மொழியில் அதுதான் சொல்.

பிளவு முற்றிய வாரம் தூரா சயாமாவைத் தேடிப் போனான். அவர் ஓடைக்கரையில் நோயாளிகளின் கம்பளிகளைத் துவைத்துக்கொண்டிருந்தார்.

"சயாமா, எங்கள் இருவரில் யார் தலைவனாக இருக்க வேண்டும்? நீங்கள் சொன்னால் ஸெயாவும் கேட்பான்."

"இந்த முனையைப் பிடி" என்றார் அவர்.

தூரா பிடித்தான். அவர் முறுக்கிய பக்கமே அவனும் முறுக்கினான். கம்பளி சும்மா சுழன்றது. அவர் காத்திருந்தார். அவன் மாற்றி முறுக்கியதும் தண்ணீர் கொட்டியது. அவர் கம்பளியை உதறித் துணிக்கொடியில் போட்டார்.

"நான் கேட்டதற்குப் பதில் சொல்லவில்லையே."

"இன்னும் நான்கு கம்பளி இருக்கிறது."

தூராவுக்கு அதற்கெல்லாம் பொறுமை இல்லை. சயாமா இரண்டு பக்கமும் பகைத்துக்கொள்ளாமல் நழுவுகிறார் என்று தன் ஆட்களிடம் சொல்லிவிட்டு, மறுநாள் பாசறையின் நடுவே மூங்கில் வேலி போடச் சொன்னான். மருத்துவக் குடிசை ஸெயாவின் பக்கம் போயிற்று. வேலியின் ஒரே திறப்பில் இரண்டு பக்கமும் காவல் நின்றது.

அடையாளச் சொல்லும் மாறியது. அதுவரை காவலாளி "எங்கே போகிறாய்?" என்று கேட்டால் "வீட்டுக்கு" என்பது பதில். மலை தாண்டிய முதல் இரவிலிருந்து அதுதான். தூரா தன் பக்கத்துக்கு "போர்க்களத்துக்கு" என்று மாற்றினான். ஸெயா தன் பக்கத்துக்கு என்ன வைத்தான் என்று தூராவின் ஆட்களுக்குத் தெரியாது. தெரியக் கூடாது என்றுதான் மாற்றியதே.

மூன்றாவது வாரம், ஒரு காலை. ஆற்றிலிருந்து எழுந்த மூடுபனி காட்டை விழுங்கியிருந்தது. தூரா தேநீர்க் குவளையோடு குந்தியிருந்தான். ஒரே ஒரு வெடிச் சத்தம் கேட்டது. ராணுவம் என்று நினைத்து ஓடினான்.

வேலித் திறப்புக்கு இந்தப் பக்கம், பாதையில், நியோ மல்லாந்து கிடந்தான். மருத்துவக் குடிசையில் ஊசி போடுகிறவன். போன மழைக்காலத்தில் தூரா காய்ச்சலில் பிதற்றியபோது ஒன்பது நாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன். அவன் கொண்டுவந்த கொயினா மருந்துக் குப்பிகள் உடைந்து சிதறியிருந்தன. தூராவின் பக்கம் ஏழு பேர் காய்ச்சலில் கிடந்தார்கள். மருந்து அவர்களுக்குத்தான்.

காவலில் நின்றவன் தெட். துப்பாக்கியைக் கீழே வைக்கவும் தெரியாமல் நின்றான்.

"என்ன சொல்லைச் சொன்னான்?" என்று தூரா கேட்டான்.

நியோவுக்கு உயிர் இருக்கிறதா என்று அவன் பார்க்கவில்லை. முதலில் வாயில் வந்தது அந்தக் கேள்விதான். 

உயிர் இல்லை. மருத்துவக் குடிசைக்குத் தூக்கிப் போனார்கள். சயாமா வெந்நீர் வைத்து, நியோவின் முகத்தைத் துடைக்கத் தொடங்கினார்.

சற்று நேரத்தில் ஸெயா முப்பது துப்பாக்கிகளோடு வந்து நின்றான். தெட்டைத் தன்னிடம் ஒப்படைக்க வேண்டும், விசாரித்துச் சுட வேண்டும் என்றான். தூராவின் ஆட்கள் விடவில்லை. தவறான சொல்லோடு வேலி தாண்டியவன் உளவாளியாக இருக்கலாம் என்று ஒருவன் சொன்னான். நியோவின் உடம்பு இன்னும் ஆறவில்லை.  ஆனாலும் சொன்னவனைத் தூரா தடுக்கவில்லை.

சயாமா துணியைப் பிழிந்து வைத்தார்.

"தெட்டைக் கூப்பிடுங்கள்."

தெட் வந்து தரையில் உட்கார்ந்தான்.

"நடந்ததைச் சொல்."

பனியில் ஆள் தெரியவில்லை என்றான் தெட். எங்கே போகிறாய் என்று கேட்டான். "வீட்டுக்கு" என்று பதில் வந்தது. அது பழைய சொல். மறுபடி கேட்டான். மறுபடியும் "வீட்டுக்கு." மூன்றாம் முறை கேட்டபோது நியோ சிரித்துக்கொண்டே அதையே சொல்லிவிட்டு நடந்து வந்தான்.

"சிரித்தது நியோ என்று தெரிந்ததா?" என்றார் சயாமா.

தெட் தூராவைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

"குரல் தெரிந்தது, சயாமா. ஆனால் குரலைப் பார்க்காதே, சொல்லைப் பார் என்று உத்தரவு."

  அந்த வாக்கியம் தூராவுடையது. காவலுக்கு ஆள் நிறுத்தியபோது, நன்றாக அமைந்த வாக்கியம் என்று மகிழ்ந்து, இரண்டு தடவை சொல்லியிருந்தான்.

"கேட்டீர்களா?" என்றான் ஸெயா.

சயாமா அவன் பக்கம் திரும்பினார். "நியோ உன் பக்கத்துக்குத் திரும்பி வந்து, உன் காவலிடம் 'வீட்டுக்கு' என்று சொல்லியிருந்தால்? உன் உத்தரவு என்ன?"

ஸெயா வாயைத் திறந்தான். அவன் பின்னால் நின்றவர்களில் ஒருவன் மெல்லத் துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கிச் சுவரில் சாய்த்தான். அவன்தான் வேலியின் அந்தப் பக்கத்துக் காவல். 

அப்போது தூரா எழுந்தான். தான் விலகிக்கொள்வதாகவும், ஸெயாவே தலைவனாக இருக்கட்டும் என்றும் சொன்னான். உன் பிச்சை எனக்கு வேண்டாம், நான்தான் விலகுகிறேன் என்றான் ஸெயா. முதலில் சொன்னவன் நான் என்றான் தூரா. இப்போது மட்டும் பெரிய மனிதன் ஆகிவிடலாம் என்று பார்க்கிறாயா என்றான் ஸெயா. குரல்கள் ஏறின. தேர்தலன்று இருந்த அதே சூடு.

சயாமா மூலையிலிருந்த இரண்டு மண்வெட்டிகளை எடுத்து வந்தார். ஒன்றைத் தூராவின் கையில் கொடுத்தார். மற்றதை ஸெயாவின் கையில் கொடுத்தார்.

"அவனுடைய உயரம் ஐந்தரை அடி" என்றார்.

மேட்டின் மேல், தேக்கு வேர்களுக்கு நடுவே, இருவரும் குழி வெட்டினார்கள். வேர் கடினமாக இருந்தது. உச்சிவேளை தாண்டியது. ஒருவன் வெட்ட மற்றவன் மண்ணை அள்ளினான். எதுவும் பேசிக்கொள்ளவில்லை. ஒருமுறை மட்டும், தூராவின் கை தோல் உரிந்து ரத்தம் வந்தபோது, ஸெயா தன் தலைத்துண்டைக் கிழித்து அவனிடம் நீட்டினான்.

தெட்டை யாரும் சுடவில்லை. அவனை அன்றே காவலிலிருந்து எடுத்தார்கள். அவன் மருத்துவக் குடிசையிலேயே தங்கிக்கொண்டான். அடக்கம் முடிந்ததும் இரண்டு பக்கமும் பழைய அடையாளச் சொல்லுக்குத் திரும்புவது என்று முடிவாயிற்று. அதைத் தவிர வேறெதிலும் உடன்பாடு வரவில்லை. வேலியைப் பிடுங்கலாமா என்ற பேச்சு மறுநாளைக்குத் தள்ளிப்போயிற்று.

மாலையில் தூரா மருத்துவக் குடிசைக்கு வந்தான். சயாமா இறந்தோர் பதிவேட்டைத் திறந்து வைத்திருந்தார். காய்ச்சல், காய்ச்சல், கண்ணிவெடி, காய்ச்சல் என்று மேலிருந்து கீழ்வரை வரிசையாக எழுதியிருந்தது. கடைசி வரியில் நியோவின் பெயரும் வயதும் மட்டும் இருந்தன. இருபத்து மூன்று.

தூரா நின்றுகொண்டே இருந்தான். நாள் முழுக்க ஒரு கேள்வி அவனைக் குடைந்துகொண்டிருந்தது. அதற்கு விடை கிடைத்தால் கொஞ்சமாவது மூச்சு விடலாம் என்று தோன்றியது.

"சயாமா, அவனுக்குச் சொல் மாறியது தெரியும். எல்லோருக்கும் தெரியும். ஆற்றோரமாகச் சுற்றி வந்திருந்தால் காவலே கிடையாது. கால் மணி நேரம் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான். ஏன் நேராக வந்தான்?"

சயாமா பேனாவை மூடி வைத்தார்.

"அவனும் அதைத்தான் கேட்டான்" என்றார். "பனியாக இருக்கிறது, சயாமா, ஆற்று வழியாகப் போகட்டுமா என்றான். எதற்குச் சுற்றுகிறாய், அங்கே நிற்பது தூராவின் ஆட்கள்தானே, நேராகப் போ என்று நான்தான் சொன்னேன்."