தள்ளிக்கொண்டே இருந்த கரடி

ஒரு காட்டில் எங்கே திரும்பினாலும் ஒரு முதுகைப் பற்றியே பேச்சாக இருந்தது, குழந்தைகளே. செம்மூக்கன் என்ற கரடியின் முதுகு அது.

அந்தக் காட்டின் நடுவே ஓர் ஆறு. மழைக்காலம் தொடங்கியதும் அக்கரையில் நாவல் பழம் கொட்டும். விலங்குகள் மூங்கில் தெப்பத்தில் ஏறிப் பழம் பொறுக்கப் போகும். போகும்போது நீரோட்டமே கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். திரும்பும்போதுதான் வேலை. தெப்பத்தில் கட்டிய நீளக் கொடியை இக்கரையில் நின்று ஒருவர் இழுத்தாக வேண்டும். அவருக்குத் தெப்பக்காரர் என்று பெயர். வந்து சேரும் பழத்தில் முதல் கைப்பிடி அவருக்குத்தான்.

போன மழைக்குச் செம்மூக்கன்தான் தெப்பக்காரன். தெப்பம் வழுக்கிக்கொண்டு வந்ததைப் பார்த்து ஊரே வாயைப் பிளந்தது.

"அடேயப்பா, என்ன முதுகு!" என்றன மான்கள்.

பக்கத்துக் குகையில் கருக்கன் என்று இன்னொரு கரடி. இதைக் கேட்கக் கேட்க அவனுக்கு வயிறு எரிந்தது. வாயில் போட்ட தேன்கூட இனிக்கவில்லை. செம்மூக்கன் முன்னே நடந்தால் இவன் அந்த முதுகையே பார்த்துக்கொண்டு பின்னே நடப்பான். பார்க்காமலும் இருக்க முடியவில்லை, பார்த்தால் பொறுக்கவும் முடியவில்லை.

ஒருநாள் வெட்கத்தை விட்டுக் கேட்டேவிட்டான்.

"தம்பி, உன் முதுகு எப்படி இப்படி ஆச்சு?"

செம்மூக்கனுக்கு மறைத்துப் பேசத் தெரியாது. "எல்லாம் இழுக்கிறதுதான் அண்ணே," என்றான். "கிளையைப் பிடிச்சுத் தொங்குவேன். தாடை கிளைக்கு மேலே வர்ற வரைக்கும் உடம்பை இழுப்பேன். அப்புறம் குனிஞ்சு நின்னு, ஒரு கட்டையைக் கொடியில கட்டி வயித்துப் பக்கமா இழுப்பேன். தோள்பட்டை ரெண்டும் பின்னால ஒண்ணா வந்து சேரணும். கல்லு தூக்கினா முதுகை வளைக்காம, காலை ஊன்றித் தூக்குவேன். எல்லாத்தையும் மெதுவாச் செய்யணும். ஒருநாள் செஞ்சா மறுநாள் முதுகுக்கு ஓய்வு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் அண்ணே."

கருக்கன் வீடு திரும்பினான். வழியெல்லாம் மனசு குடைந்தது. 'இது என்னிடம் இருக்கும் வித்தையாக இருந்தால் நான் அடுத்தவனுக்குச் சொல்வேனா? செத்தாலும் சொல்ல மாட்டேன். அப்படியானால் அவன் மட்டும் எப்படிச் சொல்வான்? என்னை ஏமாற்றத்தான் பார்க்கிறான்!'

யோசித்து யோசித்து அவன் ஒரு முடிவுக்கு வந்தான். செம்மூக்கன் இழு என்றால், விஷயம் தள்ளுவதில் இருக்கிறது. மெதுவாக என்றால், வேகமாக. ஓய்வு என்றால், ஓயாமல். தன் மூளையை நினைத்து அவனுக்கே பெருமையாக இருந்தது.

மறுநாள் முதல் காட்டில் இருந்த பாறைகளுக்கெல்லாம் கேடுகாலம். கருக்கன் ஒவ்வொன்றையும் முட்டித் தள்ளினான். மூச்சு வாங்க வாங்கத் தள்ளினான். தள்ளி முடித்ததும் குளத்தில் போய்த் தன்னைப் பார்ப்பான். மார்பு புடைத்துக்கொண்டு நின்றது. முதுகு? அது எந்தக் குளத்தில் தெரியும்! மார்பே இப்படி என்றால் முதுகு எப்படி இருக்கும் என்று அவனே நினைத்துக்கொண்டான்.

அவன் மனைவி சடைச்சி பட்டென்று பேசுகிறவள். "முன்னால பார்த்தா மலை மாதிரி இருக்கே. பின்னால பார்த்தா பலகை மாதிரி இருக்கே. அந்தத் தம்பி சொன்னதைத்தான் செஞ்சு பாரேன்," என்றாள்.

"நீயும் அவன் கட்சியா?" என்று சீறினான் கருக்கன்.

அடுத்த மழை வந்தது. தெப்பக்காரரைத் தேர்ந்தெடுக்க எல்லாரும் கரையில் கூடினார்கள். கருக்கன் மார்பை நிமிர்த்திக்கொண்டு முன்னால் வந்தான். பெரிய பாறை ஒன்றை ஒரே முட்டில் தள்ளி ஆற்றில் போட்டான். தண்ணீர் எழும்பிக் கூட்டத்தையே நனைத்தது. ஒரே ஆரவாரம்! இழுக்க வேண்டிய வேலைக்குத் தள்ளிக் காட்டுகிறானே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

கூட்டத்துக்குத் தலைவியான யானை, "செம்மூக்கா, நீ என்ன சொல்றே?" என்று கேட்டது.

"அண்ணனுக்கு ஆசையா இருந்தா அவரே இருக்கட்டும், அக்கா," என்றான் செம்மூக்கன்.

ஜெயித்தும் கருக்கனுக்கு நிம்மதி இல்லை. 'விட்டுக்கொடுக்கிறானாம்! பெரிய மனுஷன்!' என்று உள்ளுக்குள் கொதித்தான்.

தெப்பம் அக்கரை போனது. முயல்களும் மான்களும் போயின, சடைச்சியும் போனாள். சாயங்காலம் பழக் கூடைகளோடு எல்லாரும் தெப்பத்தில் ஏறினார்கள். அந்த நேரம் பார்த்து மலையில் பெய்த மழை வெள்ளமாக இறங்கியது.

கருக்கன் கொடியைப் பிடித்து இழுத்தான். தெப்பம் கொஞ்சம் அசைந்தது. இன்னும் பலமாக, வெடுக்கென்று இழுத்தான். முதுகில் சுளீர் என்றது. அப்படியே பிடித்துக்கொண்டது. நிமிரவும் முடியவில்லை, குனியவும் முடியவில்லை. கொடி கைக்குள் வழுக்கி ஓடியது. நடு ஆற்றில் தெப்பம் சுழல ஆரம்பித்தது. கூடைகள் கவிழ்ந்தன.

கரையில் சற்றுத் தள்ளி நாவல் பழத்துக்காகக் காத்திருந்தான் செம்மூக்கன். ஆற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்ததால் அவன் இதைப் பார்க்கவில்லை. ஒரு குரல் கொடுத்தால் போதும். ஆனால் அந்த முதுகைக் கண்டதும் கருக்கன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவனையா கூப்பிடுவது? அதற்கு இந்த ஆறு என்னையே அடித்துக்கொண்டு போகட்டும் என்று நினைத்தான்.

ஆறு அவனை அடித்துக்கொண்டு போகவில்லை. சடைச்சி இருந்த தெப்பத்தைத்தான் அடித்துக்கொண்டு போனது.

"என்னைக் காப்பாத்து! கொடியை விட்டுடாதே!" என்று அவள் அலறினாள்.

"தம்பீ!" என்று கத்தினான் கருக்கன். "தம்பீ, ஓடி வா! என்னால முடியலை!"

செம்மூக்கன் பாய்ந்து வந்து கொடியைப் பற்றினான். காலை ஊன்றினான். முதுகை வளைக்காமல் குனிந்தான். இழுத்தான். அவசரப்படாமல், ஒரே சீராக, கொடியைத் தன் வயிற்றை நோக்கி இழுத்தான்.

தரையில் சுருண்டு கிடந்த கருக்கனுக்கு எதிரே அந்த முதுகு. ஒவ்வொரு இழுப்புக்கும் தோள்பட்டைகள் இரண்டும் பின்னால் வந்து ஒன்றாகச் சேர்ந்தன. அன்றைக்கு அவன் சொன்ன அதே மாதிரி, ஒரு சொல் மாறாமல்.

தெப்பம் கரை தட்டியது. சடைச்சி இறங்கி வந்து கருக்கன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

கருக்கன் தலையைத் தூக்காமல் கேட்டான். "தம்பி, அன்னிக்கு நீ சொன்னதெல்லாம் நிஜமாவா சொன்னே?"

செம்மூக்கனுக்கு ஒன்றும் புரியவில்லை. "பின்னே? இதுல பொய் சொல்ல என்ன அண்ணே இருக்கு?"

கருக்கன் கண்ணை மூடிக்கொண்டான். முதுகு வலியை அவனால் பொறுத்துக்கொள்ள முடிந்தது. அந்தப் பதிலைத்தான் பொறுக்க முடியவில்லை.

நீதி: பொறாமைக்காரன் காதில் உண்மையும் பொய்யாகவே விழும்.