குறை இல்லாத தோட்டம்

முன்னொரு காலத்தில், மழையும் வெயிலும் முறை வைத்து வந்துபோன ஒரு நாட்டில், வேங்கைமாறன் என்றொரு ராஜா இருந்தார். நல்ல ராஜாதான். அவருக்கு இரண்டே தொந்தரவு. ஒன்று முழங்கால் வலி. இன்னொன்று, எதையாவது தெரிந்துகொள்ளாவிட்டால் சோறு இறங்காது.

பல்லக்கில் ஏறினால் முழங்கால் மடங்கவில்லை. குதிரையில் ஏறினால் மடங்கியது நிமிரவில்லை. அதனால் நாட்டைச் சுற்றிப் பார்த்து ஆறு வருஷம் ஆகிவிட்டது. சபைக்கு யார் வந்தாலும் பிடித்துக்கொள்வார். "மலையில் தினை முற்றிவிட்டதா? கிளி வருகிறதா? உப்பு எப்படி ஐயா விளைகிறது, விதை போடுவார்களா?" வந்தவர்கள் வாழ்த்துப்பா பாடிவிட்டுப் பரிசோடு போய்விடுவார்கள். ஒருவரும் பதில் சொன்னதில்லை.

ஒரு நாள் காலையில் ராஜா சபைக்கு வந்து உட்காருவதற்கு முன்பே அறிவித்தார்.

"எனக்கு ஒரு தோட்டம் வேண்டும். நம் நாட்டின் மலை, காடு, வயல், கடல், பாலை, ஐந்தும் அதற்குள் இருக்க வேண்டும். காலைக் கஞ்சிக்கு முன் நான் நடந்து பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். அங்கங்கே வேலை செய்யும் மக்களைக் கல்லில் செய்து நிறுத்துங்கள்."

"கல்லில் எதற்கு, மன்னா? நிஜ ஆட்களையே கொண்டுவந்து நிறுத்தலாமே?" என்றார் ஒரு புலவர்.

"நிஜ ஆட்கள் என்னைக் கண்டதும் வேலையைப் போட்டுவிட்டுக் கும்பிடுகிறார்கள். கும்பிடுகிறவனிடம் என்னத்தைப் பார்ப்பது? கல் என்றால் வேலையை விடாது அல்லவா?"

பிரதானி செண்பகராயர் எழுந்தார். அரண்மனைக் கட்டுமானம் எதுவானாலும் அது தன் மைத்துனர் கைக்குத்தான் போக வேண்டும் என்பது அவர் வழக்கம்.

"உத்தமமான எண்ணம், மன்னா. என் மைத்துனர் இப்போதே திட்டம் தீட்டிவிட்டார். மலையில் தங்கள் சிலை, காட்டில் தங்கள் சிலை, வயலில் வெண்கொற்றக் குடையோடு தங்கள் சிலை..."

"கடலில்?"

"கடலிலும் தாங்களே, மன்னா."

"என்னைப் பார்ப்பதற்கு நான் எதற்கையா நடக்க வேண்டும்? படுக்கை அறையில் கண்ணாடி இருக்கிறதே!" என்றார் ராஜா. சபை சிரித்தது. செண்பகராயரும் சிரித்தார், வாய் மட்டும்.

ராஜா விகடகவி மொட்டையாண்டியின் பக்கம் திரும்பினார். தலையில் முடியும் இல்லை, தரையில் காணியும் இல்லை, வாய் ஒன்றுதான் அவனுக்குச் சொத்து.

"ஆண்டி, நீ என்ன சொல்கிறாய்?"

"நான் சொல்வதற்கு முன் தங்கள் முழங்கால் சொல்லட்டும், மன்னா. வலிக்காமல் எத்தனை அடி நடக்கும் என்று கேட்டுச் சொன்னால், அதற்குள் நாட்டை மடித்து வைக்கலாம்."

ராஜாவுக்கு இது பிடித்துப்போயிற்று. உடனே இறங்கி மண்டபத்தைச் சுற்றி நடந்தார். ஆண்டி எண்ணிக்கொண்டே பின்னால் போனான். எழுநூற்றிருபதாவது அடியில் ராஜா "அம்மா" என்றார்.

"எழுநூறு அடி! மலைக்கு நூறு போதும், ஏற்றமாயிற்றே. வயலுக்கு இருநூறு. கடலுக்கு..."

"கடலை எப்படியடா கொண்டுவருவாய்?"

"அதைச் சொல்லிவிட்டால் தாங்கள் வரமாட்டீர்களே, மன்னா."

வேலை ஆண்டியிடம் போயிற்று. செண்பகராயருக்கு அன்றைக்குச் சாப்பாடு கசந்தது. ஆனால் ஓலை எழுதும் அதிகாரம் அவர் கையில்தான் இருந்தது. எழுத்தாணியை எடுத்து வெகுநேரம் யோசித்தார். சிலை செய்யப்போகும் ஆசாரியின் பெயரை எழுதினால் ஆண்டி தப்பிப்பான். ஆண்டி பெயரை எழுதினால் ராஜா முத்திரை வைக்கமாட்டார். கடைசியில் யார் பெயரும் இல்லாமல் இப்படி எழுதினார்:

"இத்தோட்டத்துள் ஒரு குறையும் இருத்தல் ஆகாது. இருப்பின், அக்குறை எவரால் உள்ளே வந்ததோ, அவரது வலக்கைக் கட்டைவிரல் கொய்யப்படும்."

ராஜா கண்ணை ஓட்டினார். "குறை இல்லாமல்தானே வேண்டும்?" என்று முத்திரையை அழுத்திவிட்டார். அவர் மனது முழுக்கக் கடல் எப்படி வரும் என்பதிலேயே இருந்தது.

சிலை வேலைக்கு வந்தவர் கல்தச்சர் ஆவுடை ஆசாரி. அவரை ஊருக்குப் போய்க் கூட்டிவந்தவன் ஆண்டிதான். ஆசாரி கல்லைச் சுத்தியால் ஒரு தட்டுத் தட்டி, காதைச் சாய்த்து, "இது பேசும், இது பேசாது" என்று பிரித்துவிடுவார். அவரோடு நாற்பது பேர் கல் இழுத்தார்கள். கல்லுக்கு அவசரம் தெரியாது. இழுக்கிறவன் தோளில் தோல் உரிந்து, உரிந்த இடத்தில் காய்த்து, காய்ப்பின் மேல் கயிறு உட்காரப் பழகின பிறகுதான் அது நகரும்.

ஆண்டி ஓலையைப் படித்துக் காட்டியபோது ஆவுடை ஆசாரி உளியைக் கீழே வைத்துவிட்டுத் தன் கட்டைவிரலைப் பார்த்தார்.

"என்ன தம்பி இது? இந்த விரல் போனா உளி நிக்காதே. உளி நிக்கலேன்னா நான் எதுக்கு? கல்லுக்குக் காவலாவா உக்காரப்போறேன்?"

"குறை வைக்காமல் செய்துவிடும், ஆசாரி."

"நான் வைக்கமாட்டேன். பாக்குறவன் கண்ணுல இருந்தா அதுக்கு நான் என்ன பண்ண?"

ஆண்டி ஓலையை இன்னொரு முறை எழுத்தெழுத்தாகப் படித்தான்.

நான்கு மாதம் உளிச் சத்தம் ஓயவில்லை. ராஜா தினமும் மதிலுக்கு வெளியே நின்று, "இப்போது என்ன செய்கிறார்கள்?" என்று காவல்காரனைத் தொளைத்தெடுத்தார். ஐந்தாம் மாதம் பிறந்ததும் கதவு திறந்தது.

ராஜா நுழைந்தார். பின்னால் பிரதானி, புலவர்கள், ஓலை தாங்கி, குடை பிடிப்பவன், ஆண்டி, ஆவுடை ஆசாரி, கல் இழுத்த நாற்பது பேர்.

முதலில் மலை. பாறை அடுக்கின் மேல், கவண் சுழற்றும் கல் பெண். எதிரே நிஜத் தினை விதைத்திருந்தது. நிஜக் கிளி ஒன்று அவள் தலைமேலேயே உட்கார்ந்து கதிரைத் தின்றது. "இவளுக்குப் பயப்படவில்லையே!" என்று ராஜா கை தட்டினார். கிளி அதற்கும் பயப்படவில்லை.

காட்டில் ஒரு கல் இடையன் ஒற்றைக் காலில் நின்று தூங்கினான். ராஜா அவன் மூக்கருகே கை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்தார்.

கடலுக்கு வந்தபோது அங்கே தண்ணீரே இல்லை. வெள்ளை மணல், நான்கு உப்புப் பாத்தி, வலை உதறும் ஒரு செம்படவன் சிலை. அவன் பின்னால் ஒரு சுவர். சுவரில் ராஜாவின் காது உயரத்தில் பெரிய சங்கு ஒன்று பதித்திருந்தது.

"கடல் எங்கே?"

"காதை வையுங்கள், மன்னா."

ராஜா வைத்தார். ஊ... என்று உள்ளே இரைந்தது. அவர் வாய் திறந்தபடி நின்றுவிட்டார். பிறகு சுவருக்குப் பின்னால் போய்ப் பார்த்தார். திரும்பி வந்து இன்னொரு காதை வைத்தார். "இந்தப் பக்கக் காதுக்கும் கேட்கிறதே!"

பாலையில் ஒரு வழிப்போக்கன். அண்ணாந்து, சுரைக்குடுக்கையை வாய்க்கு மேல் கவிழ்த்து, ஒரு சொட்டாவது விழுமா என்று காத்திருந்தான். ராஜா தன்னை அறியாமல் எச்சில் விழுங்கினார்.

கடைசியாக வயல். கணுக்கால் அளவு சேறு. அதில் ஒரு பெண் குனிந்து நாற்று நட்டுக்கொண்டிருந்தாள். முதுகு வளைவும், இடுப்பில் செருகிய சேலையும், நெற்றி வியர்வையைத் தோளில் துடைக்கச் சாய்த்த முகமும் பார்த்தால், கூப்பிட்டால் நிமிர்வாள் போல இருந்தது.

"நின்று பாருங்கள், மன்னா," என்றார் செண்பகராயர். வரிந்து கட்டிக்கொண்டு, முழங்கை வரை கையைச் சேற்றில் விட்டுச் சிலையின் காலடியைத் துழாவினார். நான்கு மாதமாக அவருடைய ஆள் ஒருவன் கல் இழுக்கும் கூட்டத்தில் இருந்தது அப்போதுதான் தெரிந்தது.

"இவளுக்குப் பாதம் இல்லை! கணுக்காலுக்குக் கீழே வெறும் கல். பாதமே இல்லாத பெண்! இதைவிடக் குறை வேறு உண்டா?"

ராஜாவின் முகம் மாறியது. "ஆசாரி, உண்மையா?"

ஆவுடை ஆசாரி கும்பிட்டார். "உண்மைதாங்க. சேத்துக்குள்ள இருக்குற பாதம் யார் கண்ணுக்கும் தெரியாதுங்க. அதுவுமில்லாம, அடியில முழுக்கல்லா இருந்தாத்தான் சேத்துல சாயாம நிக்கும். எங்க வேலை அப்படித்தாங்க."

"ஓலை இருக்கிறது, மன்னா. தங்கள் முத்திரையும் இருக்கிறது," என்றார் செண்பகராயர்.

ராஜா முத்திரை மோதிரத்தைப் பார்த்தார். வைத்த முத்திரையை எடுக்க எந்த ராஜாவுக்கும் வழி இல்லை. ஆவுடை ஆசாரி வலது கையை நீட்டினார்.

ஆண்டி முன்னால் வந்தான்.

"குறை என்று கண்டால் வெட்ட வேண்டியதுதான், மன்னா. ஆனால் பார்க்காமல் வெட்டக்கூடாது. தாங்கள் பாதரட்சையைக் கழற்றிவிட்டு, அவள் பக்கத்தில் ஒரு நிமிஷம் நிற்க வேண்டும்."

"ராஜா சேற்றிலா!" என்று புலவர் அலறினார். ராஜா அதற்குள் இறங்கிவிட்டார். சேறு சளக்கென்று வாங்கிக்கொண்டது.

"அடடா! குளுகுளு என்றிருக்கிறதே! விரல் இடுக்கில் ஏதோ வழுக்குகிறது, ஆண்டி. முழங்காலுக்குக்கூட இதமாக இருக்கிறது. இதை ஏன் எனக்கு ஒருவரும் சொல்லவில்லை?"

"மன்னா, தங்கள் பாதம் எங்கே?"

ராஜா குனிந்து பார்த்தார். "காணோம்."

"பிரதானியாரே, மன்னருக்குப் பாதம் குறை என்று எழுதிக்கொள்ளலாமா?"

செண்பகராயர் சளைக்கவில்லை. "சொல்லை வைத்து வித்தை காட்டாதே. மன்னரின் பாதம் உள்ளே இருக்கிறது. அவளுக்கு இல்லை."

"சரிதான். தோற்றேன்," என்று ஆண்டி தலையைத் தடவினான். "அப்படியானால் ஓலையின்படியே நடக்கட்டும். எழுத்துக்கு எழுத்து நடக்கட்டும். ஒருமுறை படியுங்கள், பிரதானியாரே."

அவர் கணீரென்று படித்தார். "இத்தோட்டத்துள் ஒரு குறையும் இருத்தல் ஆகாது. இருப்பின், அக்குறை எவரால் உள்ளே வந்ததோ..."

"அங்கே நிறுத்துங்கள். வெள்ளிக்கிழமைதோறும் அரண்மனை வாசலில் முரசு அடிக்கிறார்களே, 'குறை உள்ளவர்கள் வரலாம், மன்னர் கேட்பார்' என்று, அப்போது கால் இல்லாத சிலைகளா வருகின்றன, மன்னா?"

"மக்கள்தான் வருவார்கள். மனதில் குறை உள்ளவர்கள்."

"குறை யாரிடம் இருக்கும்? கல்லிடமா, மனிதனிடமா?"

"மனிதனிடம்தான். கல் எங்கே குறைப்பட்டது?"

ஆண்டி கல் பெண்ணின் முன்னால் போய்க் கைகட்டி நின்றான். "அம்மா, உனக்கு ஏதாவது குறை உண்டா?" பதில் வருகிறதா என்று காது கொடுத்தான். ராஜாவும் காது கொடுத்தார். "இல்லை என்கிறாள். செதுக்கிய நாளிலிருந்து குனிந்தே நிற்கிறாள், ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. ஆசாரி, உமக்கு?"

"என் விரல் இருக்கற வரைக்கும் எனக்கு ஒரு குறையும் இல்லீங்க."

"மன்னா, தங்களுக்கு?"

"எனக்கென்ன குறை? சேறு சுகமாக இருக்கிறது."

"இன்று காலை வரை இந்தத் தோட்டத்துக்குள் குறை என்று ஒன்று இல்லை, மன்னா. இனி ஒருவரைத்தான் கேட்க வேண்டும்." ஆண்டி மெல்லத் திரும்பினான். "பிரதானியாரே, இந்தத் தோட்டத்தில் உங்களுக்கு ஏதாவது குறை உண்டா? நன்றாக யோசித்துச் சொல்லுங்கள். உண்டு என்றால், அந்தக் குறை உங்களோடு உள்ளே வந்திருக்கிறது. எவரால் வந்ததோ, அவரது வலக்கை என்று நீங்களே அழகாக எழுதியிருக்கிறீர்கள்."

மலைப் பக்கம் கிளி தினை கொறித்துக்கொண்டிருந்தது.

செண்பகராயர் ராஜாவைப் பார்த்தார். ஓலையைப் பார்த்தார். சேறு சொட்டும் தன் வலது கையை மெதுவாக முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"எனக்கு... ஒரு குறையும் இல்லை, மன்னா."

"கொஞ்சம் பலமாகச் சொல்லுங்கள். ஓலை தாங்கிக்குக் கேட்கவில்லை."

"ஒரு குறையும் இல்லை!"

ராஜாவின் வயிறுதான் முதலில் குலுங்கியது. அப்புறம் தோள். பிறகு சேற்றில் நின்றபடியே விழுந்து விழுந்து சிரித்து, சாய்ந்துவிடாமல் இருக்கக் கல் பெண்ணின் தோளைப் பிடித்துக்கொண்டார். அவள் அசையவில்லை. "பாரும் பிரதானி, எவ்வளவு உறுதியாக நிற்கிறாள்! பாதம் வைத்திருந்தால் இரண்டு பேரும் கவிழ்ந்திருப்போம்."

குறையே இல்லை என்றான பின் வேலை முடிந்த ஓலையை ராஜா வாங்கி நான்காக முறித்துச் சேற்றில் மிதித்தார். ஆவுடை ஆசாரியை அழைத்து, அந்தக் கட்டைவிரலுக்கு ஒரு பொன் மோதிரம் போட்டுவிட்டார்.

"கும்புடுறேங்க. ஆனா இதைப் போட்டுக்கிட்டு உளி பிடிக்க வராதுங்களே," என்றார் ஆசாரி.

"ஓய்வு நாளில் போட்டுக்கொள்ளும். மாதத்துக்கு நான்கு நாள் உங்கள் நாற்பது பேருக்கும் ஓய்வு என்று இப்போதே ஆணை."

கல் இழுத்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்படி ஒரு சொல்லை அவர்கள் அதுவரை அரண்மனையில் கேட்டதில்லை.

"ஆண்டி, உனக்கு இந்தத் தோட்டத்திலேயே ஒரு பங்கு தருகிறேன். பாலை முழுவதும் உன்னுடையது."

ஆண்டி பாலையைப் பார்த்தான். மணல், கள்ளி, குடுக்கை கவிழ்த்த வழிப்போக்கன்.

"மன்னா, அங்கே உட்காரக் கையகல நிழல்கூட..."

"குறையா சொல்கிறாய்?" என்றார் ராஜா, அவன் வலது கையை உற்றுப் பார்த்து.

ஆண்டி இரண்டு கட்டைவிரலையும் அக்குளில் செருகிக்கொண்டான். "ஐயையோ! வெயில் என்றால் எனக்கு உயிர், மன்னா!"

ராஜா மறுபடியும் சிரித்தார். தன் தலைக்கு மேல் பிடித்திருந்த வெண்கொற்றக் குடையை வாங்கி அவன் கையில் கொடுத்துவிட்டு, சேறு படிந்த காலோடு, வெறுந்தலையோடு, சங்குச் சுவரைப் பார்க்க இன்னொரு தடவை நடந்தார்.