ஒரு நிமிடம், யாரும் பேசாமல்

"நாங்க பேசுனதையெல்லாம் எடுத்து வச்சுக்கிட்டீங்க, ரொம்ப சந்தோஷம். ஆனா நாங்க பேசாம இருந்தப்போ..."

பர்மாவிலிருந்து வந்த குடும்பத்துப் பெரியவர் ஒருவர் ஓர் ஆண்டு விழாவில் மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னது. வாக்கியத்தை எப்படி முடித்தார் என்பது எனக்கு நினைவில்லை. அந்த நேரம் பார்த்து ஒருவர் என் காதருகே குனிந்து காபியா டீயா என்று கேட்டார். டீ என்று சொன்னது மட்டும் நினைவிருக்கிறது.

விழாவை நடத்தியது 'குரல் அறை'. ஜார்ஜ் டவுனில் ஒரு காகிதக் கடையின் மாடி. சென்னைக்கு எங்கிருந்தோ வந்து, பெருகி, இன்று சில தெருக்களாகவும் சில வீடுகளாகவும் குறைந்துவிட்ட சமூகங்களின் கதைகளை அவர்கள் வாயாலேயே சொல்லவைத்துப் பதிவுசெய்யும் இடம்.

அதை நடத்தியவர் தஸ்நீம். முன்பு வானொலியில் ஒலிப்பதிவாளராக இருந்தவர். வயது நாற்பத்து நான்கு. அங்கே வருகிற எல்லோருக்கும் அவர் ஆபா. அவர்கள் வீட்டு உருதுவில் அக்கா என்று அர்த்தம்.

அவருடைய மாணவர் சவுரிமுத்துவுக்கு வயது அறுபத்தொன்று. அவருக்கும் ஆபாதான்.

"என்னைவிடப் பதினேழு வயசு சின்னவங்களை அக்காங்கறேன். வீட்ல தெரிஞ்சா சிரிப்பா," என்பார் சவுரிமுத்து.

"நான் உங்களைத் தம்பின்னு கூப்பிடல. அதுவரைக்கும் சந்தோஷப்படுங்க சார்," என்பார் ஆபா.

சவுரிமுத்து முப்பத்து நான்கு வருடம் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளராக இருந்தவர். சாட்சி அழுவார், வக்கீல் இருமுவார், மேலே மின்விசிறி கடகடக்கும். எதுவும் அவர் தாளில் ஏறாது. கேள்வியும் பதிலும் மட்டும்தான். ஓய்வு பெற்றபின் என்ன செய்வதென்று தெரியாமல் ஒருநாள் மாடியேறி வந்தார். அப்படியே தங்கிவிட்டார்.

முதல் நாள் ஆபா அவர் கையில் பதிவுக் கருவியைக் கொடுத்து இரண்டு விஷயங்கள் சொன்னார்.

"சுத்தம் பண்ணுங்க, வெட்டுங்க, ஒட்டுங்க. ஆனா வெட்டாத முழுப் பதிவு ஒண்ணு அப்படியே இருக்கட்டும்."

"சரி ஆபா."

"இன்னொண்ணு. பேட்டியை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் யாரும் பேசக் கூடாது. கருவி மட்டும் ஓடட்டும். அதைத் தனியா ஒரு இடத்துல போட்டு வைங்க."

"யாரும் பேசாததை எதுக்கு ஆபா பதிவு பண்ணணும்?"

"எடுத்து வைங்க சார்."

அவ்வளவுதான் பதில். சவுரிமுத்து அதை ஒரு தொழில் சடங்கு என்று எடுத்துக்கொண்டார். கோர்ட்டில் 'சைலன்ஸ்' என்று கத்துவார்களே, அதுபோல. பன்னிரண்டு வீடுகளுக்குப் போனார். பன்னிரண்டு முறையும் ஒரு நிமிடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தார். அந்தப் பன்னிரண்டு நிமிடங்களையும் 'அறை' என்று பெயரிட்ட ஒரு கோப்பில் போட்டுவைத்தார். ஒன்றைக்கூடப் போட்டுக் கேட்டதில்லை.

பேட்டிகளை மட்டும் கேட்டுக் கேட்டு வெட்டினார். தும்மல், நாற்காலிச் சத்தம், குக்கர் விசில், நடுவில் வந்த கீரைக்காரர், பேசுகிறவர் உள்ளே திரும்பி யாரையோ கூப்பிடுவது. எல்லாம் போயின. கதை மட்டும் தெளிந்து நின்றது. அவருக்குப் பெருமையாகவும் இருந்தது. சுத்தப் பிரதி தயாரானதும் கோர்ட்டில் குறிப்பேட்டைக் கிழித்துப் போடுவார்கள். கணினியில் இடம் குறைவாக இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, முழுப் பதிவுகள் பன்னிரண்டையும் அழித்தார். ஆபாவிடம் சொல்லவில்லை. அது மற்றவர்களுக்காகச் சொன்ன விதி, தன்னைப் போல வேலை தெரிந்தவருக்கு அல்ல என்று நினைத்துக்கொண்டார்.

இரண்டு மாதம் கழித்து லலிதா வந்தார்.

லலிதா சீனக் குடும்பம். தாத்தா காலத்திலிருந்து பல் வைத்தியம். முன்னறையில் நோயாளிகள், பின்னறையில் பல்செட் செய்யும் பட்டறை. லலிதாவின் அம்மாவைத் தெருவே 'பல்லாஸ்பத்திரி அம்மா' என்று அழைக்கும். சவுரிமுத்து பேட்டி எடுத்த பன்னிரண்டு பேரில் அவர் ஒருவர். எண்பத்தாறு வயது. அவர் இறந்து நாற்பத்தேழு நாள் ஆகியிருந்தது.

"நாளன்னைக்கு நாற்பத்தொன்பதாவது நாள் சார். எங்க வழக்கத்துல அன்னைக்கு எல்லாரும் கூடிச் சாமி கும்பிடுவோம். கல்கத்தாலேருந்து அண்ணன் வர்றான். அம்மா குரலைக் கேட்கணும்."

"தாராளமா. சுத்தமா செஞ்சு வச்சிருக்கேன். நாற்பத்தேழு நிமிஷம். ஒரு தும்மல் இருக்காது," என்றார் சவுரிமுத்து.

லலிதா ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு கேட்டார். தாத்தா பல்பெட்டியோடு கப்பலில் வந்தது. இந்தியாவுக்கும் சீனாவுக்கும் சண்டை நடந்த வருடம் வாரத்துக்கு ஒருமுறை போலீசில் போய்க் கையெழுத்துப் போட்டது. முதலில் கட்டிய பல்செட், அது ஒரு மாவு மில்காரருக்கு, அவர் அதை மாட்டிக்கொண்டு முறுக்குக் கடித்துக் காட்டியது. லலிதா சிரித்தார். பிறகு முடியும்வரை அசையாமல் இருந்தார்.

"சார், இதுல அம்மா என்னைக் கூப்பிடவே இல்லையே."

"எப்போ?"

"நீங்க வந்திருந்தப்போ. நான் பின்னாடி பல்லுக்கு பாலிஷ் போட்டுட்டிருந்தேன். மூணு நாலு தடவை கூப்பிட்டாங்க. ஆலான், ஆலான்னு."

"ஆலான் யாருங்க?"

"நான்தான். லலிதாங்கறது ஸ்கூல்ல சேர்க்கறப்போ ஹெட்மாஸ்டர் வச்ச பேரு. அண்ணன்கூட லலிதான்னுதான் கூப்பிடுவான். ஆலான்னு கூப்பிட அம்மா மட்டும்தான் இருந்தாங்க." ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார். "இப்ப இந்த ஊர்ல யாரும் கிடையாது சார். கதை எனக்குத் தெரியும், நூறு தடவை கேட்டிருக்கேன். நான் வந்தது அந்தக் குரல் என்னைக் கூப்பிடறதைக் கேட்கத்தான்."

சவுரிமுத்துவுக்கு அது நன்றாக நினைவிருந்தது. நான்கு இடங்கள். பேச்சை அறுத்துக்கொண்டு உள்ளே பார்த்து அம்மா போட்ட சத்தம். நான்கையும் தேடித் தேடி வெட்டியவர் அவர்.

"கொஞ்சம் இருங்க," என்று சொல்லி உள்ளறைக்குப் போனார்.

ஆபா அறுந்த மைக் கம்பி ஒன்றைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். சவுரிமுத்து எல்லாவற்றையும் சொன்னார். வெட்டியது, அழித்தது, வெள்ளிக்கிழமை. குரல் கோர்ட்டில் வாக்குமூலம் வாசிப்பதுபோல இருந்தது.

"அவங்ககிட்ட என்ன சொல்றது ஆபா? பதிவாகலைன்னு சொல்லிடவா?"

ஆபா கம்பியைக் கீழே வைத்தார்.

"என்கிட்ட சொன்னீங்களே, அதையே சொல்லுங்க."

"நீங்க கூட வாங்க."

"வர்றேன். ஆனா நீங்கதான் சொல்லணும்."

வெளியே வந்து சவுரிமுத்து சொன்னார். லலிதா கேட்டுக்கொண்டிருந்தார். கோபப்படுவார் என்று சவுரிமுத்து காத்திருந்தார். கோபம் வந்திருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

"பரவால்ல சார். உங்களுக்கு எப்படித் தெரியும்," என்று மட்டும் சொல்லிவிட்டு லலிதா கைப்பையை எடுத்தார்.

"உட்காரும்மா," என்றார் ஆபா. பிறகு சவுரிமுத்துவிடம், "அந்த வீட்ல ஒரு நிமிஷம் எடுத்தீங்களா சார்?"

"எடுத்தேன். அதுல என்ன இருக்கும் ஆபா? யாரும் பேசாததுதானே."

"அதையும் அழிச்சாச்சா?"

"இல்ல. அதை நான் கேட்டதே இல்ல."

கேட்டிருந்தால் அதையும் வெட்டியிருப்பார்.

ஆபா 'அறை' கோப்பைத் திறந்தார். பன்னிரண்டில் ஏழாவது, லலிதா வீட்டில் எடுத்த நிமிடம். ஒலிபெருக்கியில் போட்டார்.

முதலில் ஒன்றும் இல்லை. பிறகு ஒன்றுமில்லாததற்குள்ளிருந்து ஒவ்வொன்றாக வந்தன. சுவர்க் கடிகாரம். தெருவில் ஒரு மீன்பாடி வண்டியின் மணி. எங்கோ உள்ளே, சன்னமாக ஓர் இயந்திரம் இழைக்கும் சத்தம்.

"அது நான்தான். பாலிஷ் மெஷின்," என்றார் லலிதா.

பிரம்பு நாற்காலி ஒன்று முனகியது. அப்புறம், மிக அருகே, எண்பத்தாறு வயதுக் குரல் ஓங்கி எழுந்தது:

"ஆலான்! ஃபேனைப் போடு. சாருக்கு வேர்க்குது."

"உஷ்... அம்மா, பேசக் கூடாது. ஒரு நிமிஷம்." இது சவுரிமுத்துவின் குரல். கண்டிப்பாக இருந்தது.

"வேர்க்குதுல்ல?" என்றது அந்தக் குரல். "ஆலான்!"

இயந்திரம் நின்றது. "வர்றேம்மா." செருப்புச் சத்தம். சுவிட்ச். மின்விசிறி சுற்றத் தொடங்கியது. நிமிடம் முடிந்தது.

லலிதாவின் உதடு அசைந்தது. வர்றேம்மா என்று இன்னொரு தரம் சொல்லிப் பார்த்தாரோ என்னவோ.

"இன்னொரு தடவை," என்றார்.

ஆபா போட்டார். பிறகு இன்னொரு தடவை. நான்காவது முறை, சவுரிமுத்து 'உஷ்' என்ற இடத்தில் லலிதாவுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

"நல்லவேளை," என்றார் சவுரிமுத்து. அவர் கைகள் தாமாகக் குவிந்திருந்தன. "நல்லவேளை, உங்க அம்மா என் பேச்சைக் கேட்கல."

"அவங்க யார் பேச்சைக் கேட்டாங்க? எங்கப்பா பேச்சையே கேட்கல."

ஆபா அந்த ஒரு நிமிடத்தைத் தனியாக ஒரு பென்டிரைவில் ஏற்றினார். லலிதா அதை வாங்கி, கைப்பையில் போடாமல் உள்ளங்கையிலேயே வைத்துக்கொண்டார்.

"சார், ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்கம்மா."

"இதை மட்டும் சுத்தம் பண்ணிடாதீங்க. ஃபேன் சத்தம் இருக்கட்டும். உஷ்ஷும் இருக்கட்டும்." பிறகு ஆபாவைப் பார்த்துத் தலைகுனிந்தார். "ரொம்ப நன்றி அக்கா. ரொம்ப நன்றி சார். நாளன்னைக்கு ரெண்டு பேரும் சாப்பிட வரணும். ஃபேன் போட்டு வைக்கிறேன்."

படியிறங்கும் சத்தம் கீழ்ப்படிவரை கேட்டது. சவுரிமுத்து அதையும் கேட்டுக்கொண்டிருந்தார். வேறு நாளாக இருந்தால் எழுந்துபோய்க் கதவைச் சாத்தியிருப்பார்.

"ஆபா, அந்த ஃபேன் சத்தத்தை எடுக்க எனக்கு முழுசா ரெண்டு நாள் ஆச்சு."

"ஆகும்."

"ஆரம்பிச்ச உடனே இப்படிப் போட்டுக் கெடுத்துட்டாங்களேன்னு மனசுக்குள்ள திட்டினேன்."

ஆபா கம்பியை மறுபடி கையில் எடுத்தார்.

"முதல் நாள் கேட்டேன், நீங்க பதில் சொல்லல," என்றார் சவுரிமுத்து. "இப்பவாவது சொல்லுங்க. ஒருத்தர் சொல்றதுல எது அவங்க கதை, எது வெறும் சத்தம்? எப்படித் தெரிஞ்சுக்கறது?"

"அன்னைக்கு உங்களுக்கு வேர்த்துச்சா சார்?"

சவுரிமுத்து யோசித்தார். சித்திரை மாதம். முழுக்கைச் சட்டை. முன்னறையில் ஜன்னல் இல்லை.

"வேர்த்துச்சு. நல்லா வேர்த்துச்சு."

"அதை எங்கேயாவது எழுதினீங்களா?"

சவுரிமுத்து திரும்பிப் பார்த்தார். கணினியில் 'அறை' கோப்பு திறந்தே இருந்தது. இன்னும் கேட்காத பதினோரு நிமிடங்கள்.

அவற்றைக் கொடுத்து, முழுப் பதிவை அழித்ததையும் தன் வாயாலேயே சொல்ல, திங்கட்கிழமை முதல் மீதிப் பதினோரு வீடுகளுக்கும் மறுபடி போவதென்று அவர் முடிவு செய்தார்.