வாயை மூடிக்கொண்ட மரம்

அந்தக் காலத்தில் மரங்களுக்கு வாய் இருந்தது. அடிமரத்தில் இருக்கும் பொந்துதான் வாய். மரம், அணில், மனிதர் எல்லாரும் ஒரே பேச்சுத்தான் பேசினார்கள்.

மலைமேல் பழஞ்சோலை ஒன்று. வருடம் ஒருமுறை, சுற்றியிருந்த சிற்றூர்களின் இளவட்டங்கள் அதன் ஓரத்தில் குடிசை போட்டு ஒரு மாதம் தங்குவார்கள். தேன் இருக்கும் பாறை எது, வற்றாத ஊற்று எது என்று பார்த்துப் பழகத்தான். அந்த வருடம் எட்டுப் பேர் வந்தார்கள். காடன் என்பவனும் வெள்ளச்சி என்பவளும் அவர்களில் மூத்தவர்கள்.

மழை பிடித்துக்கொண்டது. ஆறு நாள் விடவில்லை. குடிசை ஒழுகி, அடுப்புத் தீ அணையப் பார்த்தது. அது அணைந்திருந்தால் எட்டுப் பேரும் விறைத்துச் செத்திருப்பார்கள்.

சோலையின் முதல் மரம் ஒரு காட்டு நாவல். அது கூப்பிட்டது. "அந்தத் தீய எம் வாயில வைங்க பிள்ளைகளா. நனையாம வச்சிருக்கேன். மழை விட்டதும் மறக்காம எடுத்துக்கணும்."

"எடுத்துக்கறோம் ஆத்தா" என்றார்கள் எட்டுப் பேரும்.

தினமும் அதன் வாயிலிருந்து ஒரு கொள்ளி எடுத்துக் குளிர்காய்ந்தார்கள். பிறகு மழை விட்டு, புல் காயும் அளவுக்கு நாலைந்து நாள் வெயில் அடித்தது. மாதமும் முடிந்திருந்தது. வீட்டு ஆசையில் மூட்டை கட்டி, பாட்டும் கூத்துமாக இறங்கிப் போய்விட்டார்கள். இளவட்டம்! காடன் எடுத்திருப்பான் என்று வெள்ளச்சி நினைத்தாள். வெள்ளச்சி எடுத்திருப்பாள் என்று காடன் நினைத்தான். மற்ற ஆறு பேரும் இவர்கள் இருவரையும் நம்பினார்கள்.

மதியம் காற்று எழும்பியது. பொந்துக்குள் தீ சீறியது. உச்சியில் கூடு கட்டியிருந்த மலையணில் அலறியது. "துப்பிரு ஆத்தா!"

"துப்பினா புல்லு புடிக்கும். சோலையே போயிரும். உம் பிள்ளைங்க எங்க?"

"கூட்டுலதான். இன்னும் கண்ணு தொறக்கல."

அதைக் கேட்டதும் நாவல் இரண்டு பக்கத்துப் பட்டையையும் இழுத்து, தீயை உள்ளே வைத்தே வாயை மூடிக்கொண்டது.

அணில் கிளைவழியே ஓடி, ஓடைக்கரையில் அந்த எட்டுப் பேரையும் பிடித்தது. "தீய யார் எடுத்தது?"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மூங்கில் குழாய்களில் தண்ணீர் மொண்டு மூச்சிரைக்க மேலே ஓடினார்கள். மரத்தில் பொந்து இருந்த இடமே தெரியவில்லை. தொட்ட வெள்ளச்சிக்குக் கை கொப்புளித்துப்போயிற்று.

"வாயத் தொற ஆத்தா, தண்ணி ஊத்தறோம். ஒரு வார்த்த பேசு. எங்களத் திட்டவாவது செய்" என்று காடன் கதறினான்.

"தொறந்தா காத்து புகுந்துரும்" என்றது அணில். "அது இனிமே தொறக்காது."

கொண்டுவந்த தண்ணீரை வேரில் ஊற்றிவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதார்கள். நாவலின் வேதனையைப் பார்த்த சோலை மரங்கள் எல்லாம், துக்கம் தாங்காமல் ஒவ்வொன்றாகப் பேச்சை நிறுத்தின. நான்காம் நாள் நாவலின் கிளை நுனிகளில் புதுத் தளிர் வந்தது. கங்கு நிறத்தில் வந்தது. இன்றைக்கும் அந்தச் சோலையில் தளிர் சிவந்துதான் வருகிறது.

அன்று முதல்தான் அங்கே தங்குகிறவர்கள் புறப்படும்போது, எத்தனை பேர் இருந்தாலும் அத்தனை பேரும் அடுப்புச் சாம்பலில் வெறுங்கையை வைத்துப் பார்க்கிறார்கள். ஒருவர் பார்த்துவிட்டார் என்று இன்னொருவர் சும்மா இருப்பதில்லை.